சீர் அரிசியில் சிவப்பு வண்டு

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாவு ஆலையில் மாவு சலிக்கிற பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே சுவரோரமாகச் சோப்பு டப்பா அளவில் பசை அட்டைகள் வைத்திருப்பார்கள். அட்டைக்கு நடுவில் ஒரு வாசனை வில்லை. நம் மூக்குக்கு அதில் ஒன்றும் தெரியாது, வண்டுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு நாள் அட்டையில் ஒட்டிக்கொண்டதையெல்லாம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மற்றப் பெண்கள் ‘பூச்சி’ என்று மொத்தமாக எழுதிவிட்டுப் போவார்கள். நான் மட்டும் இது மூக்கு வண்டு, இது சிவப்பு வண்டு என்று பிரித்து எழுதுவேன். சூப்பர்வைசர் ஒரு நாள், “பத்தாவதுதான் படிச்சேன்றீங்க, இதெல்லாம் எங்க கத்துக்கினீங்கக்கா?” என்று கேட்டார். சின்ன வயசிலேயே தெரியும் சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பத்து வயதில் ஒரு தடவை பெரியவர்கள் நடுவில் நின்று பேசினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. நெல்லு நிலம். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவர். சித்தப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலையில் இருந்தார். வார்த்த சாமானில் கீறல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை. ஓரம் உடைந்துபோன கண்ணாடி ஒன்றை ஆலையில் தூக்கி எறியச் சொன்னபோது எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கண்ணாடி கையில் வந்த பிறகு எனக்கு வேறு விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓட எனக்குக் கூச்சம். வண்டுகளிடம் கூச்சப்பட வேண்டியதில்லை. வரப்பில் பறந்து பறந்து உட்காரும் ஒரு வண்டு இருக்கும். முட்டைக் கண், வாயில் இரண்டு கதிரரிவாளைக் குறுக்கே வைத்த மாதிரி தாடை. அது எறும்பைப் பிடித்து நறுக்கித் தின்னும். என் விரலையும் ஒரு தடவை நறுக்கப் பார்த்தது. சாணி வண்டுக்கு அப்படித் தாடை கிடையாது, வாயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மட்டை நுனி மாதிரி மெத்தென்ற மயிர். அதன் மீசை நுனி மட்டும் சின்ன விசிறி போல மடிந்து விரியும். சாணி விழுந்த கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ பறந்து வந்துவிடும், அந்த விசிறியை விரித்துக்கொண்டே. உணர்கொம்பு என்று அதற்குப் பெயர் இருப்பதைப் பிற்பாடு பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் பார்த்தேன். அப்போது எனக்கு எல்லாம் மீசைதான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வண்டின் வாயைப் பார்த்தால் அது என்ன தின்னும் என்று சொல்லிவிடலாம். இந்த முடிவில் தப்பு இல்லை. வண்டோடு அதை நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

இதற்கெல்லாம் எனக்கு ஒரே ஒரு கூட்டாளி சித்தி. சித்தி என்றாலும் இருபத்திரண்டு வயதுதான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். தொழிற்பேட்டையில் இறால் உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சித்தப்பாவோடு பழக்கமாகி, கல்யாணம் செய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, இதில் பெரிய மனக்குறை. தன் நாத்தனாரைச் சித்தப்பாவுக்குக் கொடுக்க அவள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சித்தி கொடுத்த தண்ணீரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மாவிடம் வேறு தண்ணீர் கேட்பாள்.

சித்தி அதைக் கண்டுகொள்ளாத மாதிரி இருப்பாள். என்னிடம் மட்டும் அதற்குப் பதில் சொல்லுவாள். மூக்கு வண்டை முதன்முதலாகக் கண்ணாடிக்குக் கீழே காட்டியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ஏமே பூச்சி டாக்டரு, இது அப்டியே உங்க அத்த மூக்குடீ.”

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சித்தியோடு சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூக்கு வண்டு கறுப்புக் கலந்த பழுப்பு நிறம், எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு. யானைத் துதிக்கை மாதிரி நீண்ட மூக்கு. அந்த மூக்கின் நுனியில்தான் அதற்கு வாய். மீசை மூக்கிலேயே முளைத்திருக்கும், முழங்கையை மடக்கியது போல நடுவில் மடிந்து. அரிசி மேல் ஏறி மீசையால் தட்டித் தட்டிப் பார்க்கும். பிறகு மூக்கை ஊன்றிக்கொண்டு துளை போடும். துளைக்குள் முட்டை வைத்து மூடிவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, அரிசியில் பொட்டு ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். முழு அரிசியைக் குடைய அந்த மூக்கு வேண்டும்.

சிவப்பு வண்டுக்கு அது இல்லை. அது தட்டையான, செங்கல் நிறத்துப் பூச்சி. தலைக்கு அடியில் இத்துனூண்டு வாய். மாவு, தவிடு, உடைந்த குருணை, இவைதான் அதற்குத் தீனி. மீசை பாசிமணி கோத்த மாதிரி இருக்கும், நுனி மணி மூன்று மட்டும் கொஞ்சம் பெரிசு. இருமல் மருந்துப் பாட்டில் இரண்டில் பொறுக்கியெடுத்த முழு அரிசியைப் போட்டு, ஒன்றில் மூக்கு வண்டையும் இன்னொன்றில் சிவப்பு வண்டையும் விட்டு வைத்தேன். மூக்கு வண்டு பெருகிப்போனது. சிவப்பு வண்டு நாளுக்கு ஒன்றாகச் செத்துப்போனது. மூன்றாவது பாட்டிலில் மாவு போட்டு விட்ட சிவப்பு வண்டு மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. சிவப்பு வண்டுக்குக் கண்ணாடியில் ஏறக்கூடத் தெரியாது, வழுக்கி வழுக்கி விழும். அந்தப் பாட்டிலுக்குத் துணி கட்டவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஒரு நாள் சிவப்பு வண்டு ஒன்றின் மீசை இரண்டையும் ஊசியால் பிய்த்துவிட்டேன். அது மாவுக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது, மாவுக்குள் போகவில்லை. சித்தி பார்த்துவிட்டு என் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

“உன் மூக்க அறுத்துவுட்டா நீ சோத்துப் பானைய கண்டுபுடிப்பியா? பாவம்மே, வுட்டுடு.”

அந்த வருடம் அத்தையின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் வீட்டுச் சீர் என்று எட்டு மூட்டை அரிசி தருவதாக அப்பா சபையில் சொல்லிவிட்டார். எங்கள் நிலத்து நெல், இரண்டு அண்ணன் தம்பிக்கும் பொதுவான நெல். கல்யாணப் பந்தியில் அந்தச் சோறுதான் முதலில் பரிமாற வேண்டும். ஆனி மாதம் அப்பா டிராக்டரில் நெல்லை ஏற்றிக்கொண்டு போய் மில்லில் அரைத்துக்கொண்டு வந்தார். நாலு மூட்டை வாய் திறந்து வந்தது. அதைச் சித்தி இரண்டு நாள் உட்கார்ந்து சலித்து, கல் பொறுக்கி, கட்டினாள். மற்ற நாலு மூட்டையும் மில்லிலிருந்தே கோணி ஊசியால் தைத்து வந்தன. இது சலித்ததுதான், பிரிக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். டிராக்டரிலிருந்து இறக்கியபோது நானும் அங்கேதான் இருந்தேன். தைத்த நாலும் அடியில், சித்தி கட்டின நாலும் மேலே. மூட்டை அறையில் அப்படித்தான் அடுக்கினார்கள்.

ஆடி முடியும்போது நான் மூட்டை மேல் சிவப்பு வண்டுகளைப் பார்த்தேன். மேல் மூட்டைகளில் இருந்தது அத்தனையும் முழு அரிசி. சித்தி சலித்த அரிசியில் குருணை தேடினாலும் கிடைக்காது. அப்படியானால் இந்தச் சிவப்பு வண்டு எதைத் தின்கிறது? எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. சித்தியிடம் ஓடினேன். அவள் அன்றைக்கு வீட்டுக்குத் தூரம். பின்கட்டில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் பெண்கள் அடுப்பையும் தொடக்கூடாது, மூட்டை அறைக்குள்ளும் போகக்கூடாது. போனால் தானியத்தில் பூச்சி விழும் என்பார்கள்.

“வரமாட்டன்மே. உங்கம்மா பாத்தா பேஜாராப்பூடும்” என்றாள்.

“அம்மா கழனிக்குப் போயிருக்குது. ஒரே நிமிசம் சித்தி.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். நான் விட்டால்தானே. உள்ளே வந்து குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். “அடியில எதனா மாவு கொட்டிக் கெடக்கும்டீ” என்று சொல்லிவிட்டு உடனே போய்விட்டாள். எதிர்வீட்டு அம்மா தண்ணீர்க் குடத்தோடு அதைப் பார்த்திருக்கிறாள்.

சீர் ஏற்றுகிற நாள் வந்தது. வெள்ளிக்கிழமை காலை. அத்தையும் மாமாவும் டெம்போ பிடித்துக்கொண்டு வந்தார்கள். கூடவே மாமாவின் பங்காளிகள் நாலு பேர். சித்தப்பா காலை ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தார். நாஷ்டா முடிந்து, வெற்றிலை பாக்கு தட்டெல்லாம் வைத்தாகிவிட்டது. மூட்டை வாசலைத் தாண்டுவதற்கு முன்னால், பிறந்த வீட்டுப் பெண் முதல் கை அரிசியைத் தன் மடியில் வாங்க வேண்டும். அது எங்கள் வழக்கம். அத்தை புதுப்புடவை மடியை விரித்துப் பிடித்துக்கொண்டு, மேல் மூட்டையின் கட்டைப் பிரித்து, கையை உள்ளே விட்டாள்.

கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரைக்கும் வண்டு ஊர்ந்தது. கறுப்பும் சிவப்பும். மடியில் விழுந்த அரிசியும் நகர்ந்தது.

அத்தை கத்தவில்லை. கையை உதறிவிட்டு, பங்காளிகள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்பாவிடம் திரும்பினாள்.

“இன்னாண்ணா இது? எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பூச்சிய வாரிக் குடுக்கறியா?”

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. அவமானத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

“ரூமுக்குள்ள எவ பூந்தது?” என்றாள் அத்தை. “தீட்டு படாம இவ்ளோ பூச்சி வராது. அண்ணி, நீ சொல்லு.”

அம்மா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். எதிர்வீட்டு அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். சித்தி மறுக்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, “தெரியாம போய்ட்டேன்க்கா” என்று மட்டும் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

இன்றைக்கு நினைத்தால், அது அதோடு போயிருக்கும். தீட்டுக்குப் பரிகாரம் உண்டு. மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, சித்தியை ஊரார் முன்னால் நாலு வார்த்தை திட்டி, அம்மன் கோயிலுக்கு ஒரு விளக்கு என்று சொல்லி முடித்திருப்பார்கள். சித்தியும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. என்னால்தானே அவள் உள்ளே வந்தாள். அவளைக் காப்பாற்ற என்னிடம் ஒன்று இருந்தது, என் பாட்டில்கள். உள்ளே ஓடி மூன்றையும் மடியில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

“தீட்டுனால இல்ல அத்த” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

“நீ போடீ உள்ள” என்றாள் அம்மா.

“இரும்மா, கொழந்த இன்னாவோ சொல்லுது” என்று மாமா சிரித்துக்கொண்டே குந்தினார். அவருக்கு நேரம் போக வேண்டியிருந்ததோ என்னவோ.

நான் சொன்னேன். மூக்கு வண்டின் மூக்கைக் காட்டினேன். இது அரிசிக்குள்ளேயே முட்டை வைக்கும், மில்லிலிருந்தே கூட வந்திருக்கும், தீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். சிவப்பு வண்டுக்கு மூக்கு இல்லை பாருங்கள், இதற்கு முழு அரிசியைக் கடிக்க வராது, மாவும் குருணையும்தான் தின்னும் என்றேன். செத்துக் கிடந்த பாட்டிலையும், கொழுத்திருந்த பாட்டிலையும் காட்டினேன். பங்காளிகளில் ஒருவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவ்வளவு பேர் நான் பேசுவதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ருசியில் நிறுத்தத் தெரியாமல் கடைசியாக ஒன்று சொன்னேன்.

“அரிசி முழுசா கீது. ஆனா செவப்பு வண்டு கீது. அப்போ மூட்டையில யாரோ குருண போட்டுக்கிறாங்க.”

சிரித்துக்கொண்டிருந்த மாமா சிரிப்பை நிறுத்தினார்.

“மச்சான், பொண்ணு இன்னாமோ சொல்லுதே” என்றார்.

அப்பா உடனே எழுந்துவிட்டார். “மேல இருக்குறத வுடுங்க. அடியில கீற நாலையும் இழுத்துக் கொட்டுங்க. பாத்துடலாம்” என்றார்.

மாமாவும் பங்காளிகளும் சேர்ந்து மூட்டைகளைப் புரட்டினார்கள். தையலைக் கத்தியால் அறுத்தார்கள். யார் போட்ட தையல், என்ன நூல் என்று ஒருவரும் பார்க்கவில்லை. முற்றத்தில் கொட்டினால் முதலில் ஒரு சாண் நல்ல அரிசி. அதற்குப் பிறகு குருணையும் தவிட்டுத் தூசும், பழைய நாற்றத்தோடு. மாட்டுக்குக் காய்ச்சி ஊற்றுகிற குருணை. நாலு மூட்டையும் அப்படித்தான் இருந்தது. சிவப்பு வண்டு அதில் கும்பல் கும்பலாக ஓடியது.

நான் சொன்னது சரியாகிவிட்டது. சித்தியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

“சலிச்சிக் கட்னது யாரு?” என்று அப்பா கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

“வேற யாரு?” என்றாள் அத்தை. “ரெண்டு வாட்டி இவ அம்மாக்காரி மீன் கூடையோட வந்தாளே, வெறுங்கூடையாவா திரும்பிப் போனா? நல்ல அரிசி ஏரிக்கரைக்குப் போய்ச்சி, குருண எம்பொண்ணு பந்திக்கு!”

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அப்பாவிடம் நேராகப் பேசியதில்லை, மரியாதைக்கு. அன்றும் அம்மாவிடம்தான் பேசினாள்.

“அக்கா, நீயே சொல்லுக்கா. நான் சலிச்சது மேல நாலுதான். அடி நாலும் மில்லுலேர்ந்து தெச்சிக்கினே வந்திச்சி. நீ பாத்தல்ல? எங்கம்மா கூடையில நீதான முருங்கக்கீரையும் ஒரு படி அரிசியும் போட்டுக் குடுத்த?”

“அப்போ எங்கண்ணன் பொய் சொல்லுதுன்றியா?” என்றாள் அத்தை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள், காய்ந்துபோன கையை.

“எனக்கு இன்னா தெரியும். நான் அடுப்பாண்ட இருந்தேன்” என்றாள்.

எனக்குத் தெரியும். டிராக்டரிலிருந்து இறங்கியபோதே அந்த நாலு மூட்டைக்கும் தையல் இருந்ததை நான் பார்த்தேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போது அப்பா என் பக்கத்தில் வந்து என் தலை மேல் கையை வைத்தார். எங்கள் அப்பா அப்படியெல்லாம் கொஞ்சுகிறவர் இல்லை. “என் பொண்ணு மட்டும் இல்லன்னா இந்தத் திருட்டு வெளிய வந்திருக்காது” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மாமா, “இன்னா மூளடா இதுக்கு” என்றார். அந்தக் கை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அது எடுக்கப்படுகிற வரைக்கும் நான் அசையவில்லை. எடுத்த பிறகு பேச்சு வேறு எங்கேயோ போய்விட்டிருந்தது.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். அப்பா அவரைத் தெருமுனையிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சித்தியிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

“எடுத்தியா?”

“நீயே கேக்குறியா?” என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவள் அழவும் இல்லை, சத்தியம் செய்யவும் இல்லை. இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் முகவாயைப் பிடித்து நிமிர்த்திவிட்டு, “நல்லாத்தான்டீ பேசின, பூச்சி டாக்டரு. பயப்படாம பேசின” என்றாள். ஐந்து மணி பஸ்ஸுக்கு நடந்து போனாள். சித்தப்பா உள்ளேயேதான் இருந்தார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அப்பா மேல் நாலு மூட்டையை வெயிலில் கொட்டிப் புடைக்கச் சொல்லி, வேறு நாலு மூட்டை வாங்கி, எட்டு மூட்டையையும் குறையாமல் கொடுத்தார். வீட்டிலேயே களவு போன பிறகும் சீரைக் குறைக்காத அண்ணன் என்று பந்தியில் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். அத்தை எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்தாள். தை மாதத்தில் அத்தையின் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளையும் நான் சித்தி என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார்கள், கூப்பிட்டேன். முதல் சித்தி அத்திப்பட்டில், அனல் மின் நிலையத்துக் காண்டிராக்ட் ஆட்களுக்குச் சோறாக்கிப் போட்டுப் பிழைக்கிறாள் என்று வெகுநாள் கழித்துக் காதில் விழுந்தது. ரயிலில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நான் போனதில்லை.

மாவு ஆலையில் சேர்ந்த பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். மூக்கு வண்டு அரிசியைக் குடைந்தால் தூள் உதிரும். அந்தத் தூளைத் தின்னவும் சிவப்பு வண்டு வரும். ஆகவே சிவப்பு வண்டைப் பார்த்தவுடனே மூட்டையில் குருணை கலந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு நான் சொன்னது பாதிதான் சரி. என் பேச்சை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அடி மூட்டை ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தபோது, எட்டில் எந்த நாலு என்று அப்பா சொன்னார். அங்கே இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. அம்மா காதிலும் விழுந்தது. தங்கைக்குக் கொடுக்க மனம் வராமல் நல்ல நாலு மூட்டையை மில்லிலேயே நிறுத்திவைத்தவருக்குத்தான் அது தெரியும். அத்தனை பெரியவர்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லையா, உறைத்தும் பேசாமல் இருந்தார்களா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது.

கல்யாணம் முடிந்த அந்த ஐப்பசியில், நல்ல மழை நாளில், மில்லிலிருந்து டிராக்டரில் நாலு மூட்டை அரிசி வந்து இறங்கியது. விலைக்கு வாங்கியது என்றார் அப்பா. அன்று மத்தியானம் அம்மா அதில்தான் சோறு வடித்தாள். அப்பாவும் சித்தப்பாவும் நானும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல், நீளநீளமாக, மல்லிகை மொட்டு மாதிரி இருந்தது. வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கடை அரிசியில் அந்த மணம் வராது.

“நைனா, இது நம்ம கழனி அரிசியாட்டமே கீது. அதே ருசி” என்றேன், சந்தோஷமாக.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை. “துன்றப்ப இன்னாடீ பேச்சு” என்றாள். சித்தப்பா கை சோற்றில் இருந்தபடியே நின்றது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் பிசைய ஆரம்பித்தது. அப்பா தலையைத் தூக்காமல் மோர் கேட்டார்.

சோறு நன்றாக இருக்கிறது என்றுதானே சொன்னேன், அதற்கு எதற்கு அடி என்று எனக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே, தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல், அவ்வளவையும் தின்றேன்.